எடை பார்த்து நிறுத்திய இடம்

நியூசிலாந்து வெளிநாடா இல்லையா என்பதில் ஆஸ்திரேலியாவின் கூராபின் ஊர் மாதர் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. பாஸ்போர்ட் கேட்கிறான், ஆகவே வெளிநாடுதான் என்றது ஒரு கட்சி. கிரிக்கெட்டில் நம்மிடம் அடி வாங்குகிறவன் ஊரையெல்லாம் எப்படி வெளிநாடு என்பது என்றது இன்னொரு கட்சி. கடைசியில் தலைவி க்ளெண்டா, "கடல் தாண்டறோம்ல, வெளிநாடுதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். நம் நாட்டிலேயே இருக்கும் டாஸ்மேனியாவுக்கும் கடல் தாண்டித்தானே போகிறோம் என்று யாரோ கேட்டது அவள் காதில் விழவில்லை. எட்டுப் பெண்கள் ஹாமில்டன் ஊர் பலூன் திருவிழாவுக்குக் கிளம்பினார்கள்.

அந்த எட்டுப் பேரில் டல்சியும் மெர்லும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கு முன்னால் பள்ளிக்கூட நாளிலிருந்து பேச்சை நிறுத்தாதவர்கள்.

காரணம், ஒரு பழக் கேக். ஊர் விவசாயக் கண்காட்சியில் அந்த வருடம் மெர்ல் நடுவர். டல்சியின் கேக்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஆற வைத்த கம்பித் தட்டின் தடம் அடியில் கோடு கோடாக விழுந்திருந்தது. கம்பித் தடம் விழுந்த கேக்குக்குப் பரிசு கிடையாது. கூராபினில் ஆடு திருடியவனைக்கூட மன்னித்திருக்கிறார்கள், கம்பித் தடத்தை மன்னித்ததில்லை. மெர்ல் கேக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள். டல்சி அத்தனை பேர் முன்னாலும் வாயை விட்டாள்: "அடுப்புப் பத்த வைக்கத் தெரியாதவளெல்லாம் நடுவரா? உன் புருஷனே என் வீட்டுக்கு வந்துதான் வாய்க்கு ருசியா திங்கிறான்!"

அது உண்மை. மெர்லின் புருஷன் ஸ்டான் கையில் கேக்குத் துண்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். உண்மையாக இருந்ததால்தான் விவகாரம் முற்றிப்போனது. மூன்று வருடம் கழித்து ஸ்டான் இறந்தபோது டல்சி சவ அடக்கத்துக்குப் போகவில்லை. போய் என்ன முகத்தோடு நிற்பது? ஒரு கேக் செய்து, பெயர் எழுதாமல், மெர்ல் வீட்டுச் சமையலறையில் குவிந்து கிடந்த மற்ற பண்டங்களோடு சேர்த்து வைக்கச் சொல்லி ஆள் மூலம் அனுப்பினாள்.

கேக் சண்டை நடந்த நாளிலிருந்தே சங்கத்தில் இரண்டு டீ கெட்டில். கூட்டத்தில் இந்தக் கோடிக்கு ஒருத்தி, அந்தக் கோடிக்கு ஒருத்தி. பேருந்தில் முன்சீட்டு ஒருத்திக்கு, பின்சீட்டு ஒருத்திக்கு. இந்த ஏற்பாட்டையெல்லாம் உண்டாக்கிக் கட்டிக் காத்தவள் க்ளெண்டா. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சிட்னி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது க்ளெண்டா போகிற போக்கில் சொன்னாள். "மெர்ல் வீடு வித்துப்போச்சு, தெரியுமில்ல? அடுத்த மாசம் பெர்த்துக்குப் போறா, மகன் வீட்டோட."

"போகட்டும். அங்க நல்லா வெயிலடிக்கும்" என்றாள் டல்சி.

பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பெர்த் என்பது நாட்டின் அந்தப் பக்கம். போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள், அப்புறம் அதுவும் நின்றுபோகும். இந்தப் பயணத்தில் மன்னிப்புக் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான், சொல்லித் தொலைத்துவிடலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த வார்த்தை லேசில் வருகிற ஜாதியாக இல்லை. முதல் நாள் காலை, காற்று பலமாக இருப்பதால் பலூன் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். விடுதிச் சாப்பாட்டு அறையில் மெர்ல் தனியாக உட்கார்ந்திருந்தாள். டல்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவள் மேஜை வரை போனாள், உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இரண்டாம் நாளும் காற்று. அன்றைக்கு மிளகு.

மூன்றாம் நாள் விடியும்போது ஏரிக்கரைப் புல்வெளியில் ஒரு இலை அசையவில்லை. பலூன்கள் படுத்த வாக்கில் வயிறு உப்பிக்கொண்டிருந்தன. இவர்களுடைய பலூன்காரர் விரெமு, தாடி வைத்த தாட்டியான மனிதர். ஒவ்வொருத்தியையும் எடைமேடையில் ஏற்றினார். டல்சி கோட்டைக் கழற்றினாள், பூட்ஸைக் கழற்றினாள், பொய்ப்பல்லைக் கழற்றலாமா என்றும் யோசித்தாள். விரெமு எண்ணைப் பார்த்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை. கூடைக்குள் நான்கு அறைகள், அறைக்கு இரண்டு பேர்.

"நீங்க கொஞ்சம் கனம். அந்த ஒல்லியா இருக்கற அம்மா உங்ககூட. நாலாவது அறை" என்றார்.

ஒல்லியாக இருந்த அம்மா மெர்ல். க்ளெண்டா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ தம்பி, அவங்க ரெண்டு பேரும் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"பேசிக்க மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு. எனக்கு எடைதான் வேணும், பேச்சு வேணாம்" என்றார் விரெமு. "மாத்தி நிறுத்தினா கூடை கோணும். பரவாயில்லையா?"

கூடை கோணுவதற்கு க்ளெண்டா தயாராக இல்லை. ஆறு வருட ஏற்பாடு அந்த இடத்தில் முடிந்தது.

பலூன் ஏறியது. கீழே ஏரி சிறுத்தது, பசுக்கள் சிறுத்தன, பக்கத்தில் நின்ற மெர்ல் மட்டும் சிறுக்கவில்லை. அந்த அறையில் ஒருத்தி மூச்சை இழுத்தால் இன்னொருத்தி விடவேண்டும், அவ்வளவுதான் இடம்.

"தம்பி, பக்கத்துல இருக்கறவங்க முழங்கைய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மெர்ல்.

"முழங்கைய எடுங்கம்மா" என்றார் விரெமு.

"எடுக்கறேன். அவங்க ஸ்கார்ஃப் என் வாய்க்குள்ள போகுதுன்னு சொல்லுங்க."

"வாய்க்குள்ள போகுதாம்."

"வாய மூடிக்கிட்டா போகாதுன்னு சொல்லுங்க."

விரெமு இதைச் சொல்லவில்லை. ஆறு வருடத்தில் இருவருக்கும் நடந்த மிக நீளமான உரையாடல் இது.

திரும்பிப் பார்த்தால் வானம் முழுக்கப் பலூன்கள். தொலைவில் பெரிய செம்மறியாட்டு உருவத்தில் ஒரு பலூன் தலைகீழாகத் தொங்குவதுபோல் மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து மெர்ல் தன்னை மறந்து, "ஹா" என்றாள். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுப் பழகிய "ஹா" அது! டல்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கோடி" என்று சொல்லியே விட்டாள். அதே நொடியில் விரெமு தலைக்கு மேலே நெருப்பைத் திறந்துவிட, அது காட்டுக்கத்தலாகக் கத்தியது.

நெருப்பு அடங்கியதும் மெர்ல், "என்ன சொன்னாங்களாம்?" என்று விரெமுவைக் கேட்டாள்.

"குளிருதுன்னு சொன்னேன்" என்றாள் டல்சி. தன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இறங்குகிற நேரத்தில் காற்று கிளம்பிவிட்டது. "கயித்தப் பிடிச்சு, முழங்கால மடக்கி, முதுகச் சாய்ச்சுக்குங்க. கூடை சாயும், பயப்படாதீங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. கனம் குறைஞ்சா மிச்சம் பேரத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார் விரெமு. கூடை தரையில் மோதியது, எகிறியது, மறுபடி மோதியது, மேய்ச்சல் நிலத்தில் தரதரவென்று இழுபட்டு, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது.

எட்டுப் பேரும் மல்லாக்கக் கிடந்தார்கள். டல்சியின் கால் மேலே. அதன் பக்கத்தில் மெர்லின் கால். மெர்லின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

டல்சி தலையைத் திருப்பினாள். "மெர்ல்! அடி கிடி பட்டுச்சாடி? எங்கடி வலிக்குது?"

மெர்லால் பதில் சொல்ல முடியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒரு மாடு," என்றாள் மூச்சு வாங்கியபடி, "ஒரு மாடு வந்து உன் பூட்ஸ மோந்து பாக்குதுடி."

டல்சியும் சிரிக்க ஆரம்பித்து, பாதியிலேயே அழுதாள். "தடம் இருந்துச்சு மெர்ல். எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் கொண்டுவந்து வச்சேன். நீ நடுவர், பாக்காத மாதிரி விட்ருவன்னு நினைச்சேன்."

"அது எனக்கும் தெரியும்."

"ஸ்டான் முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான்." மெர்ல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் சாவுக்கு ஒரு கேக் அனுப்புனியே, பேர் போடாம. முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு. ஒருத்திக்கும் ஒரு துண்டு குடுக்கல. பூட்டி வச்சு நானே தின்னேன்."

பக்கத்து அறையில் க்ளெண்டாவின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெர்த்துக்குப் போகாதடி" என்றாள் டல்சி.

"வீடு வித்தாச்சு."

"என் வீட்டுல வந்து இரு. ரெண்டு ரூம் சும்மாத்தான் கிடக்கு."

"கையெழுத்துப் போட்டாச்சு டல்சி. மகன் எனக்குன்னு பின்னால ஒரு ரூம் கட்டிட்டான். பேரப்புள்ள அதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு." பிறகு சொன்னாள்: "போன வருஷம் நீ ஒரு வார்த்த வந்து பேசியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேன்."

டல்சிக்கு யாரும் இல்லாமல் ஆகப்போகிறது, அதைச் செய்துகொண்டது அவளேதான்.

"இப்ப இறங்கலாம். ஒவ்வொருத்தரா வாங்க" என்று விரெமு குரல் கொடுத்தார். மற்றவர்கள் தவழ்ந்து தவழ்ந்து வெளியே போனார்கள். க்ளெண்டா கூடை வாயில் குனிந்து பார்த்துவிட்டு மாட்டை விரட்டப் போனாள்.

"எழுந்திரிடி, என் கை மரத்துப்போச்சு" என்றாள் மெர்ல்.

அப்போதுதான் டல்சி பார்த்தாள். மெர்லின் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மரத்தா மரக்கட்டும்" என்றாள்.