அரை மணி நேரக் குளியல்

ஆறு வாரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மயில்வாகனத்திடம் டாக்டர் சொல்லிவிட்டார். முசரவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஈர ரோட்டில் வண்டி வழுக்கி இடுப்பெலும்பில் விரிசல் விட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பட்டுத்தறியில் உட்கார்ந்த மனிதர், இப்போது அந்தத் தறிக்கு எதிரே கட்டிலில் மல்லாந்து, ஓட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அவர் மனைவி அகிலாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை நாலரை ஆகும். மதியம் அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா மணியம்மாள் வந்து சோறு கொடுத்துவிட்டுப் போவாள்.

"இந்தக் கூரையில எத்தினி ஓடு இருக்குதுன்னு கேளு, சொல்றேன்" என்றார் ஒரு சாயங்காலம்.

அகிலா மறுநாள் ஒரு காகிதப் பையோடு வந்தாள். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரும் பெருந்தேவி வீட்டில் வளர்ப்பதாம். உள்ளே ஏழு செடிகள் இருந்தன. ஒன்று கலைந்த தலைமுடி மாதிரி, ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும் அன்னாசிக் கொண்டை மாதிரி.

"ஏர் பிளான்ட்டாம். மண்ணு வேணாம், தொட்டி வேணாம். வாரத்துக்கு ஒரு வாட்டி தண்ணில ஊறப்போட்டா போதும்."

"அப்ப வேரு எதுக்கு?"

"புடிச்சிக்கினு நிக்கத்தான். குடிக்கிறதெல்லாம் இலை."

தறிப் பெட்டியில் மிச்சமிருந்த ஜரிகையால் கட்டி, கட்டிலுக்கு நேர் மேலே சட்டத்தில் ஏழையும் தொங்கவிட்டாள்.

அன்றிலிருந்து அவருடைய பகல்கள் மாறின. பத்து மணிக்குக் கண்ணாடி ஓடு வழியாக வெயில் இறங்கும். மின்விசிறிக் காற்றில் செடிகள் மெல்லத் திரும்பும், அவற்றின் நிழல்கள் சுவரில் நீந்தும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கரையில் கேட்பதுபோல வரும். தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிறோம், மேலே பாசி மிதக்கிறது என்று நினைத்தபடி அவர் உறங்கிப்போவார். விழித்தால் வெயில் அடுத்த செடிக்கு நகர்ந்திருக்கும்.

இழை அறுந்தால் கண்டுபிடிக்கும் கண்கள் அவருடையவை. பத்தாம் நாளே சொல்லிவிட்டார்.

"அகிலா, அந்த ஓரத்துச் செடி கருகுது பாரு. ஜரிகை பட்ட எடத்துல மட்டும். இது செம்புக் கம்பி கலந்த ஜரிகைம்மா."

பெருந்தேவிக்குப் போன் போட்டாள். செம்பு பட்டால் இந்தச் செடி தாங்காது என்று அவளும் சொன்னாள். அதற்குள் அந்த ஓரத்துச் செடி தொட்டதும் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மற்ற ஆறையும் அவிழ்த்துப் பட்டு நூலால் கட்டினார்கள். அவர் படுத்தபடியே முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்குக் குளியல். போர் தண்ணீர் உப்பு, இலையில் வெள்ளையாகப் படிந்துவிடும். அதனால் ஓட்டுக் கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து, அகலமான பேசினில் ஊற்றி, கட்டிலருகே தரையில் வைப்பாள். அரை மணி நேரம் ஊற வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாக உதற வேண்டும், நடுவில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடும். எடுக்க மறந்துவிடுவோமோ என்று அவள் பேசின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வேலையும் இல்லாமல் அரை மணி நேரம் சேர்ந்திருந்தது அப்போதுதான்.

மூன்றாவது ஞாயிறு, விரலால் தண்ணீரை அளைந்துகொண்டே அவள் சொன்னாள்:

"பஸ்ல எனக்கு ஒரே கனவு வருது. எல்லாரும் தூங்கிக்கினு இருக்காங்க, டிரைவர் கூட. ஆனா பஸ் நல்லாத்தான் போவுது. ரோட்டுல இல்ல, ஏரி மேல."

"முழுவாதா?"

"முழுவாது. சக்கரம் மட்டும் நனையும்."

அவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார். "எத்தினி நாளா வருது?"

"அஞ்சாறு வருசமா."

"எங்கிட்ட சொன்னதேயில்லயே."

"எப்ப சொல்றது? நான் வர்றப்ப நீங்க தறிக் குழியில இருப்பீங்க. நீங்க தறிய விட்டு எழுந்துக்கிறப்ப நான் தூங்கிடுவேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அது அவருக்கு எங்கோ தைத்தது. கையை நீட்டினார். ஈரக் கையை அவள் அதில் வைத்தாள். அன்று செடிகள் முக்கால் மணி நேரம் ஊறின.

ஐந்தாவது வாரம் அன்னாசிக் கொண்டைச் செடியின் நடு இலைகள் சிவக்கத் தொடங்கின. முதலில் வெயில் என்று நினைத்தார். நாளுக்கு நாள் சிவப்பு ஏறி அரக்கானது. வியாழக்கிழமை காலை, அவள் போன பிறகு, அந்த அரக்கின் நடுவிலிருந்து ஊசி போல ஒரு கத்திரிப்பூ நிறப் பூ நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் மஞ்சள் தூள்.

போன் தலைமாட்டில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. சொன்னால் அது வெறும் செய்தியாகிவிடும் என்று தோன்றியது. அவள் வருவதற்குள் வாடிவிடுமோ என்ற பயத்தில் பகல் முழுக்கக் கண் மூடாமல் கிடந்தார்.

நாலரைக்கு வந்தவளிடம் மேலே கை காட்டினார். அவள் நின்றபடி அண்ணாந்து பார்த்தாள்.

"அங்கிருந்து தெரியாது. இங்க படு."

அவர் அசையக் கூடாது. எனவே அவளே கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து, பாதி உடம்பு வெளியே தொங்க, அவர் தோளில் தலை வைத்துப் பார்த்தாள். பெருந்தேவி அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள், இந்தச் செடி வாழ்நாளில் ஒரு தடவைதான் பூக்கும், அப்புறம் அடியில் குட்டி போட்டுவிட்டு மெதுவாகக் காய்ந்துபோகும் என்று. அதை அவள் அப்போது சொல்லவில்லை. இருட்டிய பிறகும் இரண்டு பேரும் விளக்கு போடவில்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் எழுந்து நடக்கலாம் என்றார். தறியில் உட்கார இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த ஞாயிறு அகிலாவுக்கு ஓவர்டைம். மத்தியானம் வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு அவருடைய கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மயில்வாகனம் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, செடிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பேசினில் மழைத்தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணிமைக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு செடிகளைத் தலைகீழாக உதறித் திரும்ப மாட்டினார். எவ்வளவு உதறியும் ஒன்றில் ஒரு சொட்டு மிஞ்சி அவள் கன்னத்தில் விழுந்தது.

"மழையா?" என்றாள், கண் திறக்காமல்.

"ஆமா. நீ தூங்கு."