வேந்தர் கண்ணைத் துடைத்தார்

பெர்சிக்கு வாய்தான் சொத்து. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. அங்கே அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் நடிகர் நீலவேந்தன் ரசிகர் மன்றத்தில் மைக் அவன் கைக்கு வந்துவிட்டால் போதும், ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். அந்தத் திமிர் அவனுக்கு நிறையவே உண்டு.

பைபாஸ் ஓரத்து லாரி மைதானத்தில் அன்று மன்றத்தின் மாநாடு. நீலவேந்தனே நேரில் வருகிறார். ரசிகர்கள் அவரைப் பெயர் சொல்ல மாட்டார்கள், வேந்தர் என்பார்கள். கூடிய சீக்கிரம் கட்சி ஆரம்பிப்பார், மன்றத்தில் முன்னால் நிற்கிறவனுக்கெல்லாம் பதவி உண்டு என்று பேச்சு. பெர்சி அதற்காகவே புது வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டிருந்தான்.

அதே மன்றத்து நல்லக்கண்ணுவுக்குப் பதவி கிதவி எதுவும் வேண்டாம். வேந்தரோடு ஒரே ஒரு போட்டோ. எட்டு வருஷமாக அது ஒன்றுதான் ஆசை. போட்டோ எடுக்கப் போகிற நூறு பேருக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள், முதல் டோக்கன் அவருக்கு. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

முதல் டோக்கன் சும்மா வரவில்லை. கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். எட்டு வருஷத்துக்கு முன் வேந்தர் படம் வெளியான அன்று காலை, கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யப் பால் கேனோடு சாரத்தில் ஏறினார். உச்சியில் சவுக்குக் கம்பு ஒடிந்தது. தொடையெலும்பு மூன்று இடத்தில் முறிந்து, உள்ளே கம்பி வைத்து, முழங்கால் மடங்காமலே போயிற்று. இப்போது எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டுக் கிழிக்கிறார். வேந்தரிடமிருந்து ஒரு விசாரிப்பு கிடையாது. கேட்டால், "அவியளுக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பாவ" என்பார். அப்படி ஒரு வெள்ளந்தி.

ஆஸ்பத்திரியில் அவரை முதலில் போய்ப் பார்த்தவன் பெர்சிதான். அழுதுகொண்டு நின்றவனைத் தேற்றுவதற்காக, தொங்கவிட்ட காலோடு நல்லக்கண்ணு சொன்னார்:

"ஏலே, அழாத. நான் தப்பிச்சேம்லே. படம் ஆரம்பிக்க முன்னாலயே விழுந்துட்டேன். எனக்கு எலும்போட போச்சு. உள்ள போயி பூரா பாத்தியள்லா, ஒங்களுக்குத்தாம்லே இனி தேறாது."

பெர்சி சிரித்துவிட்டான். படம் அவ்வளவு மோசம். அன்றிலிருந்து அந்த ஜோக்கைத் துறைமுகத்து டீக்கடைகளிலெல்லாம் தன் ஜோக்காகவே சொல்லித் திரிந்தான். நல்லக்கண்ணுவுக்கு அது தெரியும். போனால் போகிறான் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வேந்தர் மேடைக்கு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கைக்குட்டை. மாவட்டத் தலைவர் சிவனணைந்தபெருமாள், பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், பக்கத்தில் கைகட்டி நின்றார். மேடையின் இரண்டு பக்கமும் பெரிய திரைகளில் வேந்தரின் முகம்.

நல்லக்கண்ணுவை மேடையேற்றினார்கள். பெர்சி அவர் தோளில் கை போட்டு, "இவருதான் நம்ம மன்றத்தின் தியாகி!" என்று முழங்கினான். கைதட்டல் மைதானத்தை அதிரவைத்தது. கைதட்டலைக் கேட்டால் பெர்சிக்குப் புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். இன்னும் கொஞ்சம் வேண்டும் போலிருந்தது.

"அண்ணாச்சி தப்பிச்சிட்டாவ! படம் ஆரம்பிக்க முன்னாலயே விழுந்துட்டாவ. எலும்போட போச்சு. உள்ள போயி பூரா பாத்தோம்லா, நமக்குத்தான் இன்னும் தேறல!"

மைதானம் குபீரென்று சிரித்தது. மடங்காத காலோடு நல்லக்கண்ணுவும் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒரு முடவனைப் பார்த்துச் சிரிப்பதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை.

அப்போதுதான் திரையில் வேந்தர் தலையைத் தாழ்த்தினார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"வேந்தர் அழுதாரு!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

அவ்வளவுதான். இதுவரை சிரித்த அதே வாய்கள் ஊளையிட்டன. தண்ணீர் பாட்டில் பறந்தது, நாற்காலி பறந்தது. பாதுகாவலர்கள் வேந்தரைச் சுற்றி நின்று, மேடைக்குப் பின்னால் நின்ற அவருடைய கேரவனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் எதற்காகக் கண்ணைத் துடைத்தார் என்று கேட்கிற மூளை ஒருவனுக்கும் இல்லை. வேந்தர் மனசு நொந்தார் என்று மன்றம் முடிவு கட்டிவிட்டால் நொந்ததுதான்.

மேடை ஓரத்தில் சிவனணைந்தபெருமாள் பெர்சியின் புதுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"யாரு மேடையில வச்சு யார கேலி பண்ணுதே? எதிர் மன்றத்துக்காரன் எவன்ட்ட காசு வாங்கிட்டுப் பேசுனலே?"

கீழே ஐம்பது பேர் ஏறி வரத் தயாராக நின்றார்கள். பெர்சி அவர்களைப் பார்த்தான். பிறகு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் உண்மையைச் சொன்னான்.

"அண்ணாச்சி, அது என் ஜோக்கு இல்ல. நல்லக்கண்ணு அண்ணாச்சி சொன்னது. சத்தியமா அவியதான் சொன்னாவ."

எல்லோரும் திரும்பினார்கள். நல்லக்கண்ணு பெர்சியைப் பார்த்தார். மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் நம்பியிருப்பார்கள். கீழே நிற்கிற ஐம்பது பேரையும் அவர் பார்த்தார்.

"ஆமா, நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில வலியோட கிடக்கும்போது வாய் தவறிச் சொன்னது. இவன் சின்னப் பய, இவன விட்டுருங்க."

விட்டுவிட்டார்கள். இவரைப் பிடித்துக்கொண்டார்கள். தியாகி என்று தூக்கி வைத்தோமே, இவனுக்குள்ளேயே இந்த விஷமா என்று கொதித்தார்கள். மன்றத்தில் தப்புச் செய்தவன் கட்அவுட் காலடியில் விழ வேண்டும், அதை வீடியோ எடுத்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்ப வேண்டும். அதுதான் வழக்கம். முழங்கால் மடங்காத மனுஷன் எப்படி விழுவார்? இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து, சாக்கு மூட்டையை இறக்குவதுபோல் இறக்கிக் குப்புறப் படுக்கவைத்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பெர்சிக்கு.

"வேந்தரை அவமதித்த பாவி நான்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

"வேந்தரை அவமதித்த பாவி நான்."

முதல் தடவை முகம் தெரியவில்லை என்றார்கள். இரண்டாம் தடவை குரல் கேட்கவில்லை என்றார்கள். மூன்று தடவை எடுத்து முடிக்கும்வரை அவரைத் தூக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் தடவை அவருக்கு அழச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சிவனணைந்தபெருமாள் அவர் கழுத்திலிருந்த டோக்கனைக் கத்தரித்து எடுத்துப் பெர்சியின் சட்டைப் பையில் செருகினார்.

"நீ உண்மையச் சொன்னவன். இது ஒனக்கு."

பெர்சி வாங்கிக்கொண்டான்.

கால் மணி நேரத்தில் வேந்தரின் மேனேஜர் வந்து, மைக்கில் பேசியவர் மட்டும் வரட்டும் என்றார். பெர்சி கசங்கிய சட்டையைச் சரிசெய்துகொண்டான். கேரவனுக்குள் ஏறினான். ஏசி குளிரில் வேந்தர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், என்னா ஜோக்குய்யா அது! அடக்க முடியாமக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்தப் படத்தப் பத்தி எட்டு வருஷமா ஒருத்தன் உண்மை பேசலய்யா, எல்லாரும் சூப்பர்னுதான் சொல்றான். யார் யோசிச்சது, நீயா?"

பெர்சி ஒரு நொடிதான் தயங்கினான். ஒரே நொடி.

"நான்தான் சார்."

"அந்தக் கால் போனவர் எங்க? எனக்கு யாருமே சொல்லலையே. கூட்டிட்டு வா, அவரோட நான் ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

கேரவனின் கறுப்புக் கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது. இருபதடி தூரத்தில், ஆட்டோ எதுவும் ஏற்ற மாட்டேன் என்றதால், சட்டையெல்லாம் மண்ணாக நல்லக்கண்ணு ஒரு சிமென்ட் கட்டையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும். வந்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரு சார். ஒடம்புக்கு முடியலன்னாரு."

"அப்படியா? பாவம். சரி, நீ வா."

வேந்தர் அவன் தோளில் கை போட்டார். மேனேஜர் போட்டோ எடுத்தார். மன்றத்தில் என்ன பொறுப்பு வேண்டுமோ கேள் என்றார் வேந்தர்.

பெர்சி இறங்கி வந்தபோது நல்லக்கண்ணு தலையை நிமிர்த்தினார். போனில் பேசுகிற மாதிரி போய்விடலாமா என்று பார்த்தான். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே பெர்சி, அவிய இன்னும் அழுதாவளா?"

"இல்ல, அண்ணாச்சி."

"நான் விழுந்து கும்பிட்டதச் சொன்னியாலே? என்ன சொன்னாவ?"

பெர்சி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொன்னாவ, அண்ணாச்சி."

நல்லக்கண்ணுவின் முகம் அப்படியே மலர்ந்தது. எழுந்து நிற்கக் கை நீட்டினார், பெர்சி தூக்கிவிட்டான். புறப்படும் கேரவனைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். பிறகு அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஒன்னாலதாம்லே எனக்கு மன்னிப்புக் கெடச்சுது. நீ நல்லா இருக்கணும்."