எடுத்தவளுக்கே கல்

"தூக்குங்க அத்தான், முன் சக்கரம் புதையுது!"

பின்னாலிருந்து தங்கை கத்தியபடி தள்ள, முன்னால் குனிந்து அத்தான் இழுக்க, நடுவில் சக்கர நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா முனகலாகவே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் அடித்த காற்று விடியலில்தான் ஓய்ந்திருந்தது. கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருக்க, கூழாங்கற்கள் ஈரம் காயாமல் வரிவரியாகக் கிடந்தன. கல் பொறுக்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலை வாய்க்காது.

"இன்னைக்கோ நாளைக்கோ" என்று டாக்டர் அத்தானிடம் தணிந்த குரலில் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. "அப்படின்னா இன்னைக்கே கடற்கரைக்குப் போயிடலாம். நாளைக்கு எனக்கு ஒழியாது போலிருக்கு" என்றாள். அத்தான் தன் ரொட்டிக்கடை வேனிலிருந்து தட்டுகளை இறக்கிவிட்டு நாற்காலியை ஏற்றினார்.

அக்காவும் தங்கையும் பாவாடை கட்டிய வயதிலிருந்தே கல் விஷயத்தில் எதிரிகள். பிறகு அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனாள். தங்கை பஸ் ஓட்டப் போனாள். கல்யாணமும் பிள்ளைப்பேறும் சண்டையும் வந்து போயின. விடுமுறை என்றால் மட்டும் இருவரும் கரையில்தான். "கல்லுக்காரிங்க" என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்குள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். யார் முதலில் பார்த்தது என்ற பேச்சே கிடையாது. கையில் எடுத்தவளுக்கே கல்.

முன்பு ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள், வெளிச்சம் ஊடுருவும் ஓர் அகேட் கல்லைப் பார்த்திருந்தார்கள். கல் உண்டானபோதே அதன் வயிற்றில் அடைபட்டுப்போன தண்ணீர். சாய்த்தால் உள்ளே ஒரு குமிழ் நகரும். அப்படி ஒன்றை யார் முந்தி எடுப்பது என்பதிலேயே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

நாற்காலி இனி ஒரு அடிகூட நகராது என்று ஆனது.

"என்னை இங்கேயே விடு. நீ போய்த் தேடுடி. பாவம் பாத்து மெதுவா நடந்தேன்னு தெரிஞ்சுது, அப்புறம் பேச மாட்டேன்."

தங்கை முதலில் பாசாங்காகத்தான் குனிந்தாள். கொஞ்ச தூரம் போவதற்குள் பழைய வெறி பிடித்துக்கொண்டது. சிவப்பு ஜாஸ்பர் ஒன்றும் பால் வெள்ளையில் குவார்ட்ஸ் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"இதெல்லாம் ரோடு போட ஆகும்" என்றாள் அக்கா. ஆனால் அவள் கண் மடியில் இல்லை. தங்கையைத் தாண்டி, தண்ணீரின் ஓரத்தில் நின்றது.

நின்றிருந்தவளுக்கு வெயில் முதுகில். தாழ உட்கார்ந்திருந்தவளுக்கோ எதிர்வெயில். தங்கை திரும்பி, அக்காவின் மட்டத்துக்குக் குந்திப் பார்த்தாள். சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும், உள்ளே விளக்கு ஏற்றியது போல, தேன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் கால் தானாக ஓடியது. கை தானாக நீண்டது.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!"

நாள்கணக்காக முனகலாக இருந்த குரலா அது! அத்தான் திடுக்கிட்டுப்போனார். "அவளே எடுத்துக் குடுக்கட்டுமேம்மா..."

"எடுத்தவளுக்குத்தான் கல்லு. உங்களுக்கு இதெல்லாம் புரியாது. என்னைத் தூக்குங்க."

அத்தான் தூக்கினார். மாவு மூட்டை சுமந்து பழகிய கைகள் அவை. அந்தக் கைகளுக்கு அவள் கனமே தெரியவில்லை. அவர் முகம் ஒரு கணம் கோணி, மறுகணம் நேரானது. மணலில் ஒவ்வொரு அடியாக வந்தார்.

"அக்கா, அலை வருது!"

பெரிய அலைதான். கல்லை வாரிக்கொண்டு போய்விடும். தொடவும் கூடாது. தங்கை கல்லைத் தாண்டி ஓடி, கடலுக்கு முதுகு காட்டித் தண்ணீரிலேயே சப்பென்று உட்கார்ந்தாள். அலை முதுகில் அறைந்து, கழுத்துவரை நனைத்து, இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போனது. கல் அரைவட்டம் புரண்டு அவள் முழங்காலை ஒட்டி நின்றது. போலீசிடம் மாட்டிக்கொண்டவள் போல அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"நான் தொடல! பாத்துக்கோ, தொடவே இல்ல!"

"பேசாம இருடி, வரேன்."

அத்தான் அக்காவை ஈரமணலில் இறக்கினார். அவள் முழங்கையை ஊன்றி ஊர்ந்தாள். மூச்சு வாங்கியது. நின்றாள். மறுபடி ஊர்ந்தாள். உள்ளங்கையை அகல விரித்து, முழுக்கையையும் கல்லின்மேல் போட்டாள்.

வெயிலுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தாள். தேன் நிறத்துக்குள்ளே ஒரு சின்னக் குமிழ், அவசரமே இல்லாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.

அக்கா மறுபக்கம் சாய்த்தாள். குமிழ் திரும்பி வந்தது.

"பொறாமையா இருக்காடி?"

"வயித்தெரிச்சல் தாங்கல."

"நல்லா எரியட்டும்" என்று அக்கா பல் தெரியச் சிரித்தாள். இருமல் வந்தது. இருமலுக்கு நடுவிலும் சிரித்தாள்.

திரும்பும்போது வேனைத் தங்கை ஓட்டினாள். பின்னால் அத்தான் மடியில் சாய்ந்தபடி அக்கா, "பள்ளத்துல மெதுவா விடு, உள்ள தண்ணி குலுங்குது" என்று அதட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் துணி மாற்றிப் படுக்கவைத்தார்கள். மதியத்துக்குள் மூச்சு அடங்கியது. முகத்தில் ஜெயித்தவளின் திமிர் அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளும் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளாம்மா?" என்று பெரியப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கஷ்டமா? என்னைத் தோக்கடிச்சிட்டுல்ல போனா!" தங்கை கல்லை அவர் கையில் வைத்தாள். "இந்தாங்க, ஜன்னல்கிட்ட போங்க. வெளிச்சத்துக்குப் பிடிச்சு ஒரு பக்கமா, மெதுவாச் சாய்ங்க."

பெரியப்பா சாய்த்தார். வாய் பிளந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த சித்தி, "எனக்குக் குடுங்க, எனக்குக் குடுங்க" என்றாள். கல்லுக்காரி என்று சிரித்தவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள்.

"நீயே வச்சுக்கயேன்" என்றார் அத்தான், தங்கையின் பக்கத்தில் வந்து.

"அவ எடுத்தது அத்தான். அவ அலமாரியிலதான் இருக்கணும்."

வெயில் அந்த ஜன்னலைவிட்டு விலகியது. தங்கை சக்கர நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழி விட்டாள். வரிசை அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது.