வாட்டாத கண்கள்

அகல்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆய்வுக்காக ஆட்டுக்கண்ணிலிருந்து எடுத்த லென்ஸ் வில்லைகள், சோதனையைத் தொடங்கும் முன்பே வெந்த முட்டையைப் போல வெள்ளை வெளேரென்று கிடந்தன. இந்த முறையும் அதே கதை. தெளிவான வில்லை கிடைத்தால்தானே அது மங்குகிறதா இல்லையா என்று பார்க்க முடியும்?

வயதாக ஆகக் கண்வில்லையின் செல்கள் படாத பாடு படுகின்றன. உள்ளே சேரும் நச்சைச் சிதைக்க வேண்டிய நொதிகள் சோர்ந்துபோகின்றன. புரதங்கள் ஒட்டித் திரண்டு, கண்ணில் புரை விழுகிறது. சோர்ந்த நொதியைத் தூண்டிவிட அகல்யா மாதக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு கரைசலைத் தயாரித்திருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியை அறிவுச்செல்வியோ, "இன்னும் ஒரே தடவைதான். இதுவும் சொதப்பினா வேற தலைப்ப எடுத்துக்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

விடிந்ததும், எப்போதும் ஆட்டுக்கண்ணைப் பொட்டலமாக வாங்கிவரும் கொண்டப்பநாயக்கன்பட்டி கறிக்கடைக்கு ஸ்கூட்டியை விரட்டினாள். கடைக்காரர் பச்சமுத்து பர்னரைப் பற்றவைத்து, ஓர் ஆட்டுத்தலையை உருட்டி உருட்டி வாட்டிக்கொண்டிருந்தார். ரோமம் பொசுங்கும் வாடை மூக்கைத் துளைத்தது.

"ஏனுங்ண்ணா, என்ன பண்றீங்க?"

"உனக்குத்தான் சாமி. வாட்டிட்டுக் கண்ண எடுத்துத் தாரேன். படிக்கிற புள்ளைக்குச் சுத்தமாக் குடுக்கோணுமில்ல?"

அகல்யா அப்படியே நின்றுவிட்டாள். அவள் வீட்டில் கறி சமைக்கிற வழக்கமே இல்லை. தலையை வாட்டித்தான் விற்பார்கள் என்று அவளுக்கு எங்கே தெரியும்? இத்தனை நாளும் கரைசலைத் திட்டினாள், கிண்ணத்தைத் திட்டினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசியில் இவருடைய பாசம்தான் வில்லையை வேகவைத்திருக்கிறது! கோபப்படப் போனவள் சிரித்தே விட்டாள்.

"பச்சையாவே குடுங்ண்ணா! தீயே படக்கூடாது!"

"அட, மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் பச்சமுத்து.

இந்த முறை வில்லைகள் பளிங்காக இருந்தன. இரண்டு கிண்ணங்களிலும் செல்களை வதைக்கும் பெராக்சைடை விட்டாள். ஒன்றில் மட்டும் தன் கரைசலையும் சேர்த்தாள். மறுநாள் காலை ஆய்வகத்துக்கு ஓடினாள். பெராக்சைடு மட்டும் விட்ட கிண்ணத்து வில்லைகள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. கரைசலில் இருந்ததில் ஒன்றை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைத்தாள். அடியிலிருந்த எழுத்து துல்லியமாகத் தெரிந்தது! அவள் போட்ட கூச்சலில் அறிவுச்செல்வி ஓடிவந்தார். பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார்.

"இதான்டி உன் தலைப்பு! நாளைக்கே திரும்பச் செஞ்சு பாரு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

சந்தோஷம் தாங்காமல் அகல்யா இரண்டு கிண்ணங்களையும் மூடி எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் பறந்தாள்.

"அண்ணா, பாருங்க! இது மங்கிப்போச்சு, இது தெளிவா இருக்குது. எல்லாம் நீங்க குடுத்த கண்ணுதான்!"

பச்சமுத்து கையைத் துடைத்துக்கொண்டு, கிண்ணங்களை வெளிச்சத்தில் தூக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையாத்தானே இருக்குது சாமி?" என்றார். பிறகு கூச்சத்தோடு, "எனக்கு இப்பெல்லாம் எதப் பாத்தாலும் இப்படித்தான். இந்தத் தண்ணிய என் கண்ணுல ஊத்துனாத் தெளிஞ்சிருமா?" என்று கேட்டார்.

அகல்யா அவர் கண்களை உற்றுப் பார்த்தாள்; கண்மணியில் வெள்ளை படர்ந்திருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்ண்ணா. இது புரை வராமத் தடுக்கத்தான்; அதுவும் இப்போதைக்குக் கிண்ணத்துல மட்டுந்தான். வந்தத ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கோணும்."

"ஆபரேசனா? பயமா இருக்குது சாமி."

"நான் கூடவே இருக்கறேன். கடையச் சாத்துங்க."

அவரைப் பின்னால் உட்காரவைத்து, கிண்ணங்களை அவர் மடியில் வைத்துவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.