அரும்பாவூருக்குப் போட்ட கடிதம்

மாணவிகளின் மனக்குறைகளைக் கேட்கும் பொறுப்பை 1983இல் அரியலூர்க் கல்லூரியில் என்னிடம் கொடுத்தார்கள். விலங்கியல் நடத்துபவளுக்கு அதில் என்ன பயிற்சி? கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரே ஒரு விதியை நானாக வைத்துக்கொண்டேன்.

விடுதியில் தங்கிப் படித்த மலர்க்கொடி, தூக்கமே வருவதில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பயந்துபோய், அரும்பாவூரில் இருந்த அவள் தாய் பச்சையம்மாளுக்கு எல்லாவற்றையும் இன்லேண்டில் எழுதிப் போட்டேன். தாய்க்குச் சொல்வது விதியை மீறுவதாகாது என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

மறுநாள் மாலை அவளுடைய விடுதி விண்ணப்பம் கண்ணில் பட்டது. பெற்றோர் கையெழுத்துக்குரிய இடத்தில் பெருவிரல் ரேகை. தாய்க்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைத் தெருவில் யாராவது உரக்கப் படிப்பார்கள். பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். படிப்பு நின்றுவிடும்.

சனிக்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் அரியலூரில் பஸ் ஏறினேன். பெரம்பலூரில் மாறி அரும்பாவூரில் இறங்கியபோது மணி பதினொன்று.

வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே பச்சையம்மாள் இருந்தாள். பிரிக்காத கடிதம் மடியில். நான் யாரென்று சொன்னதும் அதை என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே படிங்க டீச்சர்."

"சத்தமாப் படிங்க. மாப்பிள்ள கீப்பிள்ள பாத்துட்டாளா?" என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

என் கையெழுத்தைப் பார்த்தபடியே, மலர்க்கொடி நன்றாகப் படிக்கிறாள், கல்லூரி விழாவுக்குத் தாய் வரவேண்டும் என்று படித்தேன். பச்சையம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைகூட மாற்றாமல் என்னோடு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. பொங்கல் லீவில் மகள் கிணற்றுமேட்டில் போய்ப் போய் நின்றாளாம். யாரைக் கேட்பதென்று இவளுக்குத் தெரியவில்லையாம். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"இப்ப புள்ளகூட யாரு இருக்கா?"

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். மலர்க்கொடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

"யாரும் இல்லீங்க."

பெரம்பலூர் தபாலாபீசிலிருந்து விடுதிக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தோம். லைன் கிடைத்ததும் வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை வைக்காமல் மாடிக்கு ஓடினார்.

ரிசீவரைப் பச்சையம்மாளின் காதில் வைத்துப் பிடித்திருந்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மகளின் குரல் கேட்டு அவள் உதடு அசைந்தது.

"பாப்பா, அந்தம்மாகூடவே இரு. வந்துக்கிட்டே இருக்கேன்."