கூடைக்குள்ளிருந்து வந்த பதில்

அழகுமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை எப்போதும் இரண்டு தடவை கேட்கும். ஒரு தடவை கோயிலுக்குள்ளே எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது. இன்னொரு தடவை, ஒரு மூச்சு விடுகிற நேரம் பிந்தி, காதில் மாட்டிய வயர் வழியாக, சவுதியில் ஒரு வீட்டுக் குசினி அடுப்பங்கரையிலிருந்து அவன் சம்சாரம் பிரேமினி சொல்லும்போது.

இத்தனைக்கும் அவன் வேதக்காரன் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் டயகம தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற அந்தோனியார் கோயிலுக்கு வருவான். கல்யாணம் கட்டின நாளிலிருந்து பிரேமினியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பூசை முடியும்வரை வெளியே மதிலில் குந்தியிருந்தவன்தான். அவள் வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறிய பிறகுதான் நம்ம ஐயா உள்ளே வந்தார். அங்கே அவளுக்குப் போகக் கோயில் கிடையாது. இங்கே எட்டரை என்றால் அங்கே விடிய ஆறு மணி. வீட்டு மேடம் எழும்ப முன்னே அவளுக்கென்று கிடைக்கிற ஒரே ஒரு மணித்தியாலம் அது. அதற்காகத்தான் அவன் ஜன்னலோரம் மூன்றாவது வாங்குப் பலகையில், கவரேஜ் இரண்டு கோடு காட்டுகிற இடமாகப் பார்த்து, போனைச் சட்டைப் பையில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்காருவான். எல்லாரும் எழும்பினால் எழும்புவான், முழங்காலிட்டால் முழங்காலிடுவான். ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்த பிறகும் தனியாக நின்று, பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்க வைத்ததும் உண்டு.

ஆனால் இந்த ஞாயிறு சும்மா ஞாயிறு இல்லை. பிரேமினியின் அம்மா செபமாலை செத்து முப்பதாம் நாள்.

அடக்கத்துக்குப் பிரேமினி வரவில்லை. அழுது பார்த்தாள், காலில் விழுந்து பார்த்தாள், மேடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. சரி, போனிலாவது பார் என்று அழகுமுத்து மயானம்வரை போனைப் பிடித்துக்கொண்டே போனான். பாழாய்ப்போன கவரேஜ், முதல் பிடி மண்ணைப் போடுகிற நேரம் பார்த்து அறுந்தது. குழிக்குப் பக்கத்தில் நின்று போனை உதறினான், தலைக்கு மேலே தூக்கினான், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரவு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் வர மனசில்லாம இருந்துட்டேன்னு அம்மா நெனச்சிருப்பாங்களாங்க?" "முப்பதாம் நாள் பூசையில பாரு புள்ள, அறுந்து போகாது, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

பாத்துக்கறேன் என்று சொன்னவன் கோயில் வாசலுக்கு வந்தால், அங்கே தேயிலை பறிக்கிற ஒரு கொழுந்துக் கூடை.

"போனெல்லாம் இதுக்குள்ள போடுங்க" என்றார் சந்தியாகு உபதேசியார். கோயிலில் மணி அடிப்பதிலிருந்து சண்டை தீர்ப்பதுவரை எல்லாம் அவர்தான். "புதுசா வந்த பங்குச் சாமி சொல்லிட்டாரு. போன வாரம் அப்பத்தத் தூக்கிக் காட்டுற எழுந்தேற்ற நேரத்துல யாரோட போனோ குத்துப் பாட்டு பாடிச்சில்ல? சாமிக்கு முகமே செத்துப் போச்சு. இனிமே போன் உள்ள வராது."

அழகுமுத்துவின் சட்டைப் பைக்குள் பிரேமினி ஏற்கெனவே போன் கோலில் இருந்தாள். "ஐயா, இன்னைக்கு மட்டும்..." என்று இழுத்தான். பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்து வீட்டாள்கள், பிள்ளைகள் என்று ஆளுக்காள் போனைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவன் வெளியாள். வேதக்காரர் கோயிலில் நின்று சட்டம் பேச அவனுக்கு என்ன உரிமை? அடச்சே, என்ன பொழப்பு இது என்று மனம் வெந்துபோனது. கோலைத் துண்டிக்க மட்டும் கை வரவில்லை. கூடைக்குள் கிடந்தால் சத்தமாவது அவளுக்குக் கேட்குமே என்று, அப்படியே எல்லாப் போனுக்கும் மேலே வைத்தான். வைத்த அவசரத்தில் வயர் கழன்று அவன் கழுத்திலேயே தங்கிவிட்டது. அதை அவன் கவனிக்கவில்லை.

பூசை தொடங்கியது. புதுச் சாமி அருள்நேசன் இளந்தாரி. குரல் கணீரென்று இருக்கும், ஆள் கொஞ்சம் கண்டிப்பு. அழகுமுத்து உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். ஒரே காதில் பூசை கேட்பது அவனுக்கு அரைச் சாப்பாடாக இருந்தது.

நற்செய்தி வாசிக்க எல்லாரும் எழுந்தார்கள். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார் சாமி.

"உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்றது சனம்.

சத்தம் அடங்கியது. வாசற்பக்கம் கூடை தனியாகச் சொன்னது. "உம் ஆன்மாவோடும் இருப்பாராக."

யாத்தே! பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. சந்தியாகு உபதேசியார் பாய்ந்துபோய்க் கூடையைக் கிளறினார். எது எந்தப் போன் என்று அவருக்குப் பிடிபட்டால்தானே? சாமி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"யாரோட போன் அது?"

இந்தக் கோயிலுக்குள் அழகுமுத்து இதுவரை ஒரு வார்த்தை வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றுதான் இருந்தான். ஆனாலும் இன்னும் கொஞ்சம் எழும்புவதைப்போல் நிமிர்ந்தான்.

"என்னோடது சாமி. ஆனா... அது போன் இல்லீங்க சாமி. என் சம்சாரம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் வாய்க்கு வந்ததைக் கொட்டினான். "சவுதியில இருக்கு சாமி. இன்னைக்கு அவங்க அம்மாவுக்கு முப்பதாம் நாளு. மண்ணு போடுறப்பவும் பாக்க முடியல. நான் வேண்ணா வெளிய நிக்கிறேன். அத மட்டும் உள்ள வச்சுக்கங்க."

சாமி முன் வாங்கைக் கையால் காட்டினார். பிறகு, "அவங்கள நீங்களே எடுத்துட்டு வாங்க. முன்னுக்கு வந்து உக்காருங்க" என்றார். போனை என்று சொல்லவில்லை, அவங்கள என்றார். அந்த ஒரு சொல்லில் அழகுமுத்துவுக்கு அவர்மேல் உயிரே வந்துவிட்டது.

அன்றைக்குப் பிரசங்கம் சுருக்கம். மன்றாட்டு வந்தது. இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் வந்து மன்றாட்டுச் சொல்வது அங்கே வழக்கம். செபமாலைக்குப் பிரேமினியை விட்டால் வேறு பிள்ளை இல்லாததால், உபதேசியார் கடதாசியில் எழுதி வைத்திருந்தார். சாமி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, மைக்கைப் போன் பக்கம் திருப்பினார்.

"மகளே, அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்க."

முதலில் விசும்பல்தான் வந்தது. பிறகு, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற பயத்தோடு, சின்னக் குரல். "ஆண்டவரே, எங்கம்மா செபமாலைய உங்ககிட்ட ஒப்படைக்கிறேன். நான் அவங்க பக்கத்துல..."

அவ்வளவுதான். படம் உறைந்தது, கறுத்தது. அறுந்துவிட்டது.

மயானத்தில் செய்ததைப் போலவே அழகுமுத்து போனை உதறினான். கோயில் முழுக்க அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மன்றாட்டு பாதியில் நின்றது. பாதியில் நிற்கிற மன்றாட்டுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அவள் இத்தனை நாளாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியது அந்த மீதிப் பாதிதான் என்று அங்கே அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் மைக்கிடம் குனிந்தான்.

"பக்கத்துல இல்லன்னு அந்தப் புள்ள வருத்தப்படுது, ஆண்டவரே. அது வர மனசில்லாம இல்ல. விடல. காலுல விழுந்துச்சு, அப்பவும் விடல. அத நீங்க அம்மாகிட்ட சொல்லிருங்க. அப்பறம்... அவங்க முப்பது வருசம் கூடைய சுமந்துகிட்டு மல ஏறுனவங்க. முழங்கால் ரெண்டும் போயிருச்சு. அங்கயாவது அவங்கள மேடு ஏற விடாதீங்க."

எப்படி முடிப்பது என்று தெரியாமல், தன் கோயிலில் கும்பிடுவதைப்போல இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது சனம். பெண்கள் பக்கம் பாதிக் குரல் அழுகையில் போய்விட்டது. உபதேசியார் கடதாசியால் மூக்கைத் துடைத்தார்.

அப்போது போன் அடித்தது. அவன் எடுத்தான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அறுந்து போச்சுங்க! நான் சொல்லி முடிக்கலயே, முடிக்கலயே..."

"நான் சொல்லிட்டேன் புள்ள."

"நீங்களா? என்ன சொன்னீங்க?"

"உன்ன விடலன்னு சொன்னேன். அத அம்மாகிட்ட சொல்லச் சொன்னேன். எல்லாரும் பதிலும் சொல்லிட்டாங்க."

மறுபடியும் அறுந்துவிட்டதோ என்று அழகுமுத்து திரையைப் பார்த்தான். அவள் அங்கேதான் இருந்தாள். தலைத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குசினித் தரையில் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அவள் தனியாகச் சொன்னாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை சாமி அடுத்த மன்றாட்டைத் தொடங்கவில்லை.