இருபத்து மூன்றாம் விளக்கு

இருபத்தேழு வருடமாக வீடியோ கேம் ஆடுகிறவள் நான். பழைய ஆட்டங்கள் ஈவிரக்கமில்லாமல் தோற்கடிக்கும். ஆனால் அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பின்னால் வந்து சட்டையைப் பிடிக்காது. இப்போதைய ஆட்டங்கள் சட்டையை விடாது. அம்மான் நகரில் நான் வேலை செய்யும் கம்பெனிக்கு அப்படி ஒரு ஆட்டத்தை நானே யோசித்துக் கொடுத்தேன்.

ரமலானுக்கு ஏதாவது புதிதாகச் சொல்லுங்கள் என்றார்கள். நோன்பின் கடைசி அரைமணி நேரம் நகரவே நகராது. சின்ன வயதில் அந்த நேரத்தை கேம் ஆடித்தான் கழிப்பேன். தினமும் அந்த அரைமணிக்குள் ஆளுக்கொரு விளக்கு ஏற்றட்டும் என்றேன். ஒரு நாள் தவறினாலும் அதுவரை ஏற்றியதெல்லாம் அணைந்துவிடும் என்ற விதியைச் சேர்த்தவன் மேலாளர் ஹைதம். நானும் தலையாட்டினேன். சமையலறையில் காத்திருப்பவர்களை நினைத்தேனே தவிர, நோன்பு திறக்கும் பாங்கு சொல்வதற்குள் வீடு சேர ஊரே பறக்கும் சாலையை நினைக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நோன்பு. மக்ரிப் பாங்குக்கு இன்னும் பதினோரு நிமிடம். யார் யார் ஆடுகிறார்கள் என்று காட்டும் திரையில் என் தம்பி முஹன்னத்தின் பெயர் பச்சையாகத் தெரிந்தது. அவன் டாக்சி ஓட்டுகிறவன். சர்காவிலிருந்து கிளம்பிவிட்டேன், கத்தாயிஃப் இனிப்பு வாங்கிக்கொண்டு உன் ஆபீசுக்கே வருகிறேன் என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தான். அப்படியென்றால் நெடுஞ்சாலையில் இருக்கிறான்.

அழைத்தேன்.

"அக்கா, வை. இன்னும் ரெண்டு திரி பாக்கி."

"வண்டிய ஓரமா நிறுத்துடா."

"நிறுத்தினா லேட்டாகும். அப்புறம் பசியில நீ என்னையே கடிச்சுத் தின்னுடுவ. இருபத்திரெண்டு நாள் ஏத்தினத விடச் சொல்றியா?"

துண்டித்துவிட்டான். ஹைதமின் மேசைக்கு ஓடினேன்.

"இன்னைக்கு ஒரு நாள் அந்த விதியை எடுத்துடு ஹைதம். என் தம்பி ஓட்டிக்கிட்டே ஆடறான்."

"அதுக்கு நாம என்ன பண்றது லுமா? ஓட்டும்போது ஆடாதீங்கன்னு முதல்லயே போட்டிருக்கோமே. அந்த வரியே நீ எழுதினதுதான்."

திரும்பி வந்தபோது முஹன்னத்தின் பெயர் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆட்டத்தைப் பாதியில் விட்டிருக்கிறான். மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுவரை மனம் போய்விட்டது.

அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி வந்தது. பாதியில் போகிறவர்களை இழுத்துவர நான் எழுதிய செய்தி, தானாகவே போகும். "எங்கே போனாய் கண்ணே? உன் விளக்கு அணையப்போகிறது." பக்கத்தில், படிக்கவில்லை என்ற குறி.

யா ரப், படித்துவிடட்டும் என்று வேண்டினேன். அந்தக் கேடுகெட்ட வரியை என் தம்பி படிக்க வேண்டுமென்று நானே வேண்டினேன்.

படித்துவிட்டான். பெயர் மறுபடி பச்சையானது.

உயிரோடு இருக்கிறான். அழுதுவிட்டேன். உடனே போனை எடுத்தேன். அழைத்தால் சாலையை விட்டு இன்னொரு முறை கண்ணை எடுப்பானே என்று பயந்து கீழே வைத்தேன். பாங்குக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது.